பயணப் பைக்குள் சவரக் கத்தி

கேள்வி: மடக்குக் கத்தியில்தான் தினமும் சவரம் செய்கிறேன். மாதத்தில் பத்து நாள் வெளியூர் வேலை. தோல் வார், சாணைக்கல், கிண்ணம், பிரஷ் என்று எல்லாவற்றையும் சுமக்க முடியவில்லை. எதை விடலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: சாணைக்கல்லை முதலில் விடுங்கள். கிளம்பும் முன் ஒழுங்காகச் சாணை பிடித்த கத்திக்குப் பத்து நாளும் தோலில் தீட்டினாலே போதும்.

தொங்கவிடும் வாரும் வேண்டாம். விடுதி அறையில் அதை மாட்ட உறுதியான இடம் கிடைக்காது. வார் தொய்ந்தால் கத்தியின் வாய் (கூர் ஓரம்) உருண்டுவிடும். பதிலாக 25 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள வழவழப்பான மரப்பலகை ஒன்றில் 2 மி.மீ. தோலை ஒட்டிக்கொள்ளுங்கள். செருப்புத் தைப்பவர்களின் பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மெல்லிசாக, சீராகத் தடவ வேண்டும். ஓரிடத்தில் பசை திரண்டாலும் தோல் மேடு தட்டும். அந்த மேடு தினமும் கத்தியின் ஒரே இடத்தை மழுக்கும்.

கத்தியின் வாய் பலகையின் அகலத்தை விட நீளம் என்பதால் நேராக இழுக்காமல் குறுக்குச் சாய்வாக இழுங்கள். முதுகு முன்னே போக, வாய் பின்னால் வரட்டும். போய் வருவது ஒரு சுற்று. சவரத்துக்கு முன் 40 சுற்று. திரும்பும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். வாய்ப்பக்கமாகப் புரட்டினால் தோலும் கிழியும், கூரும் போகும்.

கிண்ணத்துக்குப் பதில் குச்சி சோப்பு. நனைந்த தாடியில் நேராகத் தேய்த்து, பிரஷால் முகத்திலேயே நுரை எழுப்பலாம். பத்து நாளுக்கு 20 கிராம் தாராளம். பிரஷ் செயற்கை இழையாக இருக்கட்டும், சீக்கிரம் காயும்.

கேள்வி: ஊரிலிருந்து திரும்பியதும் பார்த்தால் கத்தியின் வாயில் பல் விழுந்திருக்கிறது, துருப்புள்ளியும் தெரிகிறது. தோல் உறையில்தானே வைத்திருந்தேன்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டுக்கும் அந்த உறைதான் காரணமாக இருக்கும். மடித்த கத்தியின் வாய், பிடியின் இரு பட்டைகளுக்கு நடுவே எதிலும் படாமல் நிற்கிறது. மெத்தென்ற உறையைத் துணிகளுக்கு நடுவே திணித்தால் பட்டை உள்ளே வளைந்து வாயில் இடிக்கும். கெட்டியான மூக்குக் கண்ணாடிப் பெட்டி நல்லது. மடித்த கத்தி ஏறக்குறைய 16 செ.மீ. இருக்கும், வைத்து அளந்து பார்த்து வாங்குங்கள்.

தோல் ஈரத்தை விடாது. சவரம் முடிந்ததும் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, பிடிக்குள் டிஷ்யூ தாளை விட்டு அங்குள்ள நீரையும் எடுங்கள். அரை மணி நேரம் திறந்து வைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவிய பிறகே மூடுங்கள். மறுநாள் தீட்டும் முன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். படிகாரத்தைக் கத்திப் பெட்டிக்குள் போடவே போடாதீர்கள். அதன் ஈரம் அமிலத்தன்மை உடையது, இரும்பை அரிக்கும்.

கேள்வி: விமானத்தில்? (வாசகர், மதுரை)

பதில்: கைப்பையில் அனுமதி இல்லை, செக்-இன் பெட்டியில்தான். கைப்பை மட்டுமே கொண்டுபோகும் பயணத்துக்கு சலூன்களில் இருக்கும் பிளேடு மாற்றும் கத்தி வசதி. பிளேடு இல்லாமல் எடுத்துப்போய், இறங்கிய ஊரில் வாங்கி இரண்டாக ஒடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.