தகரம் வருது!

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில அறிவியல் புனைகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் தெருவைக் காக்கும் இயந்திரப் போலீசை மக்கள் 'கிளாங்கர்', 'டின் கேன்', 'ரோபோகாப்' என்றெல்லாம் வைகிறார்கள். எல்லாவற்றையும் 'இயந்திரக் காவலர்' என்றே எழுதிவைத்தேன். படித்தால் அரசாணை மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாய்விட்டுக் கத்திப் பாருங்கள். 'இயந்திரக் காவலர் வருகிறார்' என்று சொல்லி முடிப்பதற்குள் அது பக்கத்தில் வந்து நின்றிருக்கும். போலீசுக்கு வைக்கிற பட்டப்பெயர் ஓடுகிறவன் வாயில் நிற்கவேண்டும். ஹெட் கான்ஸ்டபிள் 'ஏட்டு' ஆனது அப்படித்தான்.

அடுத்து, உங்கள் மூன்று சொல்லும் ஒன்றல்ல. கிளாங்க் என்பது உலோகம் இடிபடும் ஓசை; கிளாங்கர் அந்த ஓசை எழுப்புவது. ஸ்டார் வார்ஸ் கதைகளில் குளோன் வீரர்கள் எதிரி ரோபோக்களைத் திட்டிய சொல்; 2025இல் சமூக ஊடகங்களில் எல்லா ரோபோக்களுக்குமான வசவாகப் பரவியது. தமிழில் 'லொடக்கு' எனலாம். ஆனால் உங்கள் கதையில் வரும் இயந்திரம் சத்தம் போடுகிறதா என்று முதலில் பாருங்கள். 2023இல் நியூயார்க் போலீஸ் டைம்ஸ் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் சோதனைக்கு விட்ட கே5 என்ற காவல் ரோபோ சக்கரத்தில் உருள்வது. சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், 180 கிலோவுக்குக் கிட்டத்தட்ட எடை, படியேற வழியில்லை. அதைப் போய் லொடக்கு என்றால் ஒட்டாது. 'குண்டான்' என்று வையுங்கள்: பாத்திரமும் ஆச்சு, ஆள் பெயர் போலவும் ஆச்சு.

டின் கேனுக்கு 'டப்பா' வேண்டாம். தமிழில் டப்பா என்றால் மட்டமான சரக்கு, பயம் போய்விடும். 'தகரம்' நல்லது.

ரோபோகாப்பை அப்படியே விடுங்கள், நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர். 1987 படத்தில் அவன் பாதி மனிதன். அதனால் கவசம் மாட்டிய நிஜப் போலீசையும் அப்படி அழைப்பதுண்டு. உங்கள் கதையில் எங்கெல்லாம் அது மனிதனைக் குறிக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கெல்லாம் ஒரே விதியை ஒப்பிக்கிற மனிதப் போலீஸ் என்றால் 'தேஞ்ச ரெக்கார்டு' போதும்.

மொழிபெயர்ப்பு சறுக்குவது பெரும்பாலும் பெயரில் இல்லை, வினைமுற்றில்தான். 'தகரம் வருது' வெறும் தகவல். 'தகரம் வர்றாரு' நக்கல். மனிதப் போலீசைப் பார்த்து 'ஏட்டு வருது' என்றால், ரோபோ என்ற சொல்லே இல்லாமல் அவரை ஜடமாக்கியாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு 'இட்', 'ஹீ', 'ஷீ' மாதிரிச் சொற்கள்தான். நமக்கு திணை, மரியாதை இரண்டும் கைவசம். எந்தப் பாத்திரம் எந்த விகுதியில் பேசும் என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு எழுதுங்கள். நடுவில் மாறினால் வாசகர் தடுக்கிவிழுவார்.

ஒன்று பாக்கி. எந்தப் பட்டப்பெயரும் முதுகுக்குப் பின்னால்தான். அந்த இயந்திரம் நேரில் வழிமறிக்கும் காட்சியில் 'தகரமே' என்று விளிக்க வைக்காதீர்கள். அங்கே எல்லோரும் 'சார்'தான்.