பெயரில்லாத பிரெஞ்சு ரேஸ் சைக்கிள்: எங்கே அளப்பது?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். பழைய பொருள் சந்தையில் 60 யூரோவுக்கு ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினேன். யாரோ பிரஷ்ஷால் நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயர், ஸ்டிக்கர் எதுவும் இல்லை. பிரேக்கில் மாஃபாக், கியரில் சிம்ப்ளெக்ஸ், பெடலைத் தாங்கும் கிராங்கில் ஸ்ட்ராங்லைட் என்று இருக்கிறது. அடியில் ஐந்து எண்கள். எந்தக் கம்பெனி? நானே பிரித்து கிரீஸ் போடலாமா?

பதில்: எண்ணை இப்போதைக்கு விடுங்கள். கம்பெனி தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கே அர்த்தம். நீங்கள் சொல்லும் மூன்று பெயரும் உதிரிபாகம் செய்தவர்களுடையவை. பெஜோ, ஜீத்தான், மெர்சியே என்று எல்லோரும் இவர்களிடம் வாங்கித்தான் மாட்டினார்கள். சின்னக் கடைக்காரர்கூட ஃபிரேமை வெளியே செய்து வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்ற காலம் அது. இங்கிலாந்து ஃபிரேமிலும் மாஃபாக் பிரேக் இருக்கும்.

முதலில் ஃபிரேம் பிரெஞ்சுதானா என்று பாருங்கள். ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் மேல் பாரையும், ஹேண்டில் பக்கமிருந்து பெடலுக்கு இறங்கும் குழாயையும் அளங்கள். பிரெஞ்சு அளவில் பார் 26 மி.மீ., கீழ்க் குழாய் 28 மி.மீ. ஆங்கில அளவில் 25.4, 28.6. உங்கள் வண்டியில் பெயிண்ட் தடிப்பாக இருக்கும், அதனால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். கவலை இல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 2 மி.மீ. என்றால் பிரெஞ்சு அளவு, 3 மி.மீ.க்கு மேல் என்றால் ஆங்கில அளவு. ஆனால் இத்தாலியக் குழாயில் செய்த பிரெஞ்சு ஃபிரேமும் ஆங்கில அளவில்தான் வரும்.

அடுத்து, பழைய பெயிண்ட். சீட் கம்பியைக் கழற்றினால் விளிம்பில் அடி நிறம் தெரியும். பெடல் அச்சு சுழலும் பகுதியான பி.பி.யின் (பாட்டம் பிராக்கெட்) அடியிலும் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையும், குழாய் இணையும் லக்குகளைச் சுற்றிக் கறுப்பும் வந்தால் பெஜோவின் பி.எக்ஸ்-10 என்ற ரேஸ் மாடலாக இருக்கலாம். பெர்னார் தெவனே 1975, 1977 தூர் த பிரான்ஸ் வென்றது பெஜோ அணியில். அந்தப் பெருமைக்கு இன்றும் விலை உண்டு என்பதால், வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பி.எக்ஸ்-10 என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வரும் பூவேலை மாதிரியான நெர்வெக்ஸ் லக்கும் சாட்சி ஆகாது. அமெரிக்காவின் ஷ்வின் பாரமவுண்டிலும் அதே லக்தான்.

காலத்துக்கு, பின்சக்கரம் உட்காரும் இடைவெளி ஓரளவு உதவும். 120 மி.மீ. என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், 126 என்றால் அதற்குப் பிந்தையது.

சரி, பிரிக்கும் கதை. இங்கேதான் நல்ல வண்டிகள் வீணாகின்றன. பி.பி.யின் இரண்டு பக்கமும் பால்ரஸைத் தாங்கும் கப் ஒன்று திருகியிருக்கும். ஆங்கில பி.பி.யில் செயின் பக்கக் கப் இடது மரை, வலஞ்சுழியாகத் திருகினால் கழலும். பிரெஞ்சில் அது சாதாரண மரை. பழக்கதோஷத்தில் வலஞ்சுழியாகத் திருகினால் இன்னும் இறுகும். சுவிஸ் மரை என்று ஒன்று உண்டு: கப்பில் பிரெஞ்சு மாதிரியே 35x1 (35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி) என்றுதான் இருக்கும், ஆனால் ஆங்கில முறையில் கழலும். சில பிரெஞ்சு வண்டிகளில் அதுவும் வரும். அதனால் இடது பக்கக் கப்பை முதலில் கழற்றுங்கள், அது எல்லா முறையிலும் இடஞ்சுழிதான். செயின் பக்கம் முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு, அங்கேயே துடைத்து கிரீஸ் வையுங்கள்.

கிராங்கை இழுத்துக் கழற்ற அந்தக் காலத்து ஸ்ட்ராங்லைட் புல்லர் என்ற கருவியே வேண்டும், மரை 23.35 மி.மீ. சாதாரண 22 மி.மீ. புல்லர் உள்ளே தொளதொளவென்று ஆடும், அது தெரிந்துவிடும். ஆபத்து 23 மி.மீ. புல்லரில்தான். பிடித்தது மாதிரி இருக்கும், இறுக்கியதும் மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். நான் ஒரு கிராங்கை இப்படித்தான் குப்பையில் போட்டேன்.

ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மிலும் இதே தொல்லை: பிரெஞ்சு அளவு 22 மி.மீ., கடையில் கிடைப்பது 22.2. தட்டி இறக்காதீர்கள், ஃபோர்க் குழாய் வீங்கிவிடும். பெடலின் மரை 14 மி.மீ.யாக இருந்தால் புதுப் பெடல் ஏறாது. பழையதையே கழுவி, பால்ரஸ் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.