சேவல் மிதித்து முதுகு மொட்டையான பெட்டைகள்: என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நாங்கள் பர்மாவில் பெகு நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். 12 பெட்டையும் 3 சேவலும் வளர்க்கிறோம். இரண்டு சேவல் முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டவை. பூசை வரை விற்கவோ அறுக்கவோ முடியாது. நாலைந்து பெட்டைகளுக்கு முதுகிலும் பிடரியிலும் இறகே இல்லை. ஒன்றுக்கு இறக்கைக்கு அடியில் கிழிந்து புண்ணாகிவிட்டது. பழைய கைலித் துணியைத் தைத்து முதுகில் மாட்டலாம் என்கிறார்கள். மாட்டலாமா? இறகு திரும்ப முளைக்குமா?

பதில்: அம்மா, துணியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் புண்பட்ட கோழியை இன்றைக்கே தனியாகப் பிரித்துவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்றக் கோழிகள் அதே இடத்தில் கொத்தும். மழைக்காலமாக இருந்தால் ஈ மொய்த்துப் புழுவும் வைத்துவிடும். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, போவிடோன் அயோடின் தடவுங்கள். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும். கிழிசல் ஆழமாகச் சதை தெரிகிற மாதிரி இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்த் தையல் போடச் சொல்லுங்கள். மொட்டையான மற்றப் பெட்டைகளின் இறக்கையையும் தூக்கிப் பாருங்கள். சேவலின் கால் முள் கிழிக்கிற இடம் இறகுக்குள் மறைந்துவிடும்.

சேவல் மிதிக்கும்போது, அதாவது பெட்டையோடு இணைசேரும்போது, அலகால் பிடரியைக் கவ்வி, இரண்டு காலையும் முதுகில் ஊன்றி நிற்கும். நீங்கள் சொன்ன இடங்கள் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. இருந்தாலும் ஒரு தடவை ஆசனவாய்ப் பக்கத்து இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைக்கு உட்கார்ந்த கோழி நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அது வேறு சங்கதி.

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் வேண்டும். உங்களிடம் ஒன்றுக்கு நாலுதான் வருகிறது. அதிலும் மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு, ஓடாமல் பணிந்து உட்காரும் பெட்டைகளையே திரும்பத் திரும்ப மிதிக்கும். நாலைந்து மட்டும் மொட்டையாகி மற்றவை பளபளவென்று இருப்பது அதனால்தான். பாவம், சாதுவானவைதான் அடிபடுகின்றன.

அதனால் நேர்ந்துவிட்ட இரண்டையும் மூங்கில் படல் கட்டித் தனியாக விடுங்கள். பெட்டைகள் கண்ணில் படாத பக்கமாக இருக்கட்டும். ஒன்றாக வளர்ந்த சேவல்கள் பெட்டை பக்கத்தில் இல்லாவிட்டால் பெரும்பாலும் சண்டை போடாது. போட்டால் நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள். பூசைச் சேவல் காயம் படாமல் இருப்பதும் உங்களுக்கு முக்கியம்தானே.

மிச்சமுள்ள ஒரு சேவலையும் இப்போதைக்கு அடைத்து வையுங்கள் என்பதுதான் என் யோசனை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அடை வைக்கத்தான் சேவல் தேவை. ஒரு முறை மிதித்தால் ஒரு வாரத்துக்கு மேலும் குஞ்சு பொரிக்கிற கருமுட்டை கிடைத்துக்கொண்டிருக்கும். குஞ்சு வேண்டுமானால் மூன்று நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு மணி நேரம், இறகு நன்றாக உள்ள பெட்டைகளோடு மட்டும் விடுங்கள். அதற்கு முன்னால் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, நகத்தையும் கால் முள்ளின் நுனியையும் அரத்தால் ராவி மழுக்கிவிடுங்கள். முள்ளுக்குள் ரத்த ஓட்டம் உண்டு. அடியோடு வெட்டக் கூடாது.

இப்போது துணி. சேவலை அடைக்கவே வழியில்லை என்றால் மாட்டுங்கள். கைலித் துணி ஒற்றையாக இருந்தால் நகம் பட்டுக் கிழியும், இரண்டு மடிப்பாகத் தையுங்கள். கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம் போதும். இரண்டு இறக்கையும் நுழைய அகலமான எலாஸ்டிக் வளையம் வையுங்கள். மெல்லிய கயிறு தோலை அறுக்கும். ஆனால் பிடரியைத் துணி காக்காது. மழையில் நனைந்த துணிக்கு அடியில் தோல் புழுங்கும், பேனும் சேரும். இரண்டு நாளைக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, ஈரமாக இருந்தால் உலர்ந்ததை மாற்றுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் கோழிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தால் எடுத்துவிடுங்கள்.

இறகு முளைக்கும். வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரங்களிலேயே தெரியும். முறிந்து கட்டையாக நிற்கும் தண்டு மட்டும் அடுத்த இறகு உதிரும் பருவம் வரை அப்படியே இருக்கும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள், வலியும் புண்ணும்தான் மிஞ்சும்.

இறகில் பெரும்பகுதி புரதம். வெறும் தவிடும் நொய்யும் போட்டால் எதைக் கொண்டு அது முளைக்கும்? நம் பர்மாவில் கடலையும் எள்ளும் நிறைய விளைகின்றன. தவிட்டோடு அந்தப் புண்ணாக்கைக் கலந்து கொடுங்கள். மழை மாதங்களில் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடிக்கும். நிறம் மாறியிருந்தாலோ மக்கிய வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள், அந்த விஷம் ஈரலைக் கெடுக்கும். கருவாட்டுத் தலை போடுவதானால் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி உப்பைப் போக்கிய பிறகே போட வேண்டும். உப்பு அதிகமானால் கோழிக்கு ஆகாது.

புது இறகு முதலில் முள் முள்ளாகக் குருத்துவிடும். அதற்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், முறிந்தால் ஒழுகும். முதுகு பாதி மூடிவிட்டதே என்று சேவலைத் திறந்துவிடாமல், அந்தக் குருத்தெல்லாம் விரிந்து முழு இறகாகும் வரை பொறுங்கள்.