ராஜினாமா செய்தால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் வயது 36. சேலத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி நான்கு வயது மகளுடன் தாய் வீட்டுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் மீதும் என் பெற்றோர் மீதும் வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுத்திருக்கிறார். 68 வயதான என் அம்மாவை மகளிர் காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார வைத்தார்கள். குடும்ப நல நீதிமன்றம் மனைவிக்கும் மகளுக்குமாக மாதம் 15,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் தர உத்தரவிட்டது. 11 மாதங்களாகத் தரவில்லை. நான் சேர்ந்துள்ள ஆண்கள் உரிமைக் குழுவில், வேலையை ராஜினாமா செய்யுங்கள், நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றுங்கள், வரதட்சணை கொடுத்ததாகச் சொல்லும் மாமனார் மீதே புகார் கொடுங்கள் என்கிறார்கள். இந்த இயக்கம் எப்படித் தோன்றியது, அதன் நோக்கம் என்ன, என் வழக்குக்கு அது கைகொடுக்குமா?

பதில்: ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணுக்குப் படுவது ஏழாம் பக்கத்தில் உள்ள ஒரு வரிதான்: 11 மாதங்களாகத் தரவில்லை. வளைகாப்பில் நடந்த சண்டை, மைத்துனர் பேசிய பேச்சு எல்லாவற்றையும் சாட்சிக் கூண்டில் சொல்லிக்கொள்ளலாம். அந்த நாள் வரும்வரை நீங்கள் சிறைக்கு வெளியில் இருக்க வேண்டும்.

இயக்கத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 1970களின் இறுதியில் புகுந்த வீட்டில் எரிந்து செத்த பெண்களுக்காக டெல்லி தெருக்களில் எழுந்த போராட்டம்தான் 1983இல், மனைவியைக் கொடுமை செய்யும் கணவனையும் உறவினரையும் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவாக வந்தது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள். அந்தப் பிரிவில் புகார் வந்ததும் மொத்தக் குடும்பத்தையும் கைது செய்யும் வழக்கம் வளர்ந்தது. அதில் அடிபட்ட கணவர்களும் பெற்றோரும் 2000களின் நடுவில் கூடினார்கள். அப்படி உருவான அமைப்புகளில் 2005இல் தொடங்கிய சேவ் இந்தியன் ஃபேமிலி பெரியது. இருபாலருக்கும் பொதுவான சட்டம், பொய்ப் புகாருக்குத் தண்டனை, பிள்ளைகளைப் பார்க்கத் தந்தைக்கும் சம உரிமை என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். இவற்றில் நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. தவறான பயன்பாடு சட்டப் பயங்கரவாதமாகிவிடக் கூடும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே எச்சரித்தது. ஆனால் அதே தீர்ப்பில் பிரிவு செல்லும் என்றும் சொன்னது. 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு, காரணம் எழுதாமல் கைது செய்வதைத் தடுத்தது. உங்கள் தாயாருக்கும் வழி இருக்கிறது. குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் உறவினர்களைச் சேர்த்த வழக்கை 2024 டிசம்பரில் தாரா லட்சுமி நாராயணா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அவருக்காக உயர் நீதிமன்றத்தில் தனியாக ரத்து மனு போடுங்கள்.

ஆனால் இதெல்லாம் குற்ற வழக்கைப் பற்றியது. ஜீவனாம்சம் வேறு தடம். குற்ற வழக்கில் நீங்கள் விடுதலையானாலும் அந்த நிலுவை அப்படியே நிற்கும்.

உங்கள் நிலுவை 1,65,000 ரூபாய். ஒரு மாதத் தொகைக்கு, அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் உங்கள் மனைவி அமலாக்க மனு, அதாவது வசூல் கேட்கும் மனு, போட வேண்டும். உங்கள் பாக்கி பதினோரு மாதங்களைத் தொட்டுவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விவரம் தெரிந்தவர் என்றால் மனு இந்நேரம் தயாராகியிருக்கும். வாரண்டுக்குப் பிறகும் கட்டாவிட்டால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. சிறையில் இருந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று உங்கள் குழுவில் யாரேனும் சொல்லியிருப்பார்கள். தவறு. பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில், சிறை என்பது வசூலுக்கான வழி மட்டுமே, பாக்கி தீராது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ராஜினாமா யோசனைதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. இதே யோசனையைக் கேட்டு வேலையை விட்ட ஒருவர் என்னிடம் வந்தார். மனைவி அனுப்பிய குறுஞ்செய்திகளை அச்சடித்து, தேதிவாரியாகக் கொடிச் சீட்டு ஒட்டி, இரண்டு கோப்புகள் கொண்டுவந்திருந்தார். நீதிபதி அவற்றைத் திறக்கவேயில்லை. எதிர்த்தரப்பு கொடுத்த ஒற்றைத் தாளை எடுத்தார். அது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. சம்மன் கைக்கு வந்த 19ஆம் நாள் ராஜினாமா. “இதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். என் கட்சிக்காரரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பழைய சம்பளத்தை வைத்தே தொகை நிர்ணயமானது. வேலை போய்விட்டது, தொகை குறையவில்லை. கடைசியில் அவருடைய அப்பா வைப்புத்தொகையை முறித்துக் கட்டினார். உடல் வலுவுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022இல் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது, வேலை இல்லை என்ற வாதம் எடுபடாது.

நில மாற்றமும் அப்படித்தான். உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். தம்பிக்கு எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்ட், ஒரு வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் வெளியே வந்துவிடும். மறைத்தால் பொய்ச் சத்தியத்துக்குத் தனி நடவடிக்கை. வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவரின் எதிர்வாதத்தையே நீக்கவும் அந்தத் தீர்ப்பு இடம் தருகிறது. அப்படி நடந்தால் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஆதாரங்களைக் காட்ட மேடையே இருக்காது.

மாமனார் மீது புகார் என்பது உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்வது. அவர் கொடுத்தார் என்று நீங்கள் எழுதினால் வாங்கியது யார்? வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வாங்குபவருக்கும் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. பாதிக்கப்பட்டவர் சொன்ன வாக்குமூலத்தை வைத்து அவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அதே சட்டத்தின் 7(3) பிரிவு காக்கிறது. உங்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

தொகை அதிகம் என்றால் உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள், ஆனால் நிலுவையில் கணிசமான பகுதியைக் கட்டிவிட்டு. கை சுத்தமாக இருந்தால்தான் காது கொடுப்பார்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுகள் பிரிந்திருக்கிறீர்கள், இருவருக்கும் சேர மனமில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. சமரச மையத்தில் பரஸ்பர விவாகரத்துக்கு ஒப்புக்கொண்டு மொத்தத் தொகையைப் பேசி முடியுங்கள். ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். 85ஆம் பிரிவு வழக்கை இருவரும் சேர்ந்து கீழ் நீதிமன்றத்தில் வாபஸ் வாங்கிவிட முடியாது. உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, ரத்து மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசித் தவணை, ரத்து உத்தரவு வரும் நாளில் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மகளின் பங்கை அவள் பெயரில் வங்கியில் போடுங்கள். தாய் விட்டுக்கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போகாது. அவளைப் பார்க்கும் நாட்களையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ஒன்பது பக்கத்தில் அவள் பெயர் இரண்டு முறைதான் வருகிறது.

அடுத்த வாய்தாவுக்கு முன் மூன்று மாதத் தொகையையாவது வங்கி வழியாகச் செலுத்தி ரசீதை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். ராஜினாமாக் கடிதம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கிழித்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள்.