நல்ல பாம்பா, சாரையா: பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

தோட்டத்தில் ஆறடி நீளத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் பாம்பு ஒன்றைப் பார்த்ததாகவும், படம் எடுக்காமல் மதிலேறி ஓடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல பாம்பா சாரையா, எப்படி அடையாளம் காண்பது என்பது உங்கள் கேள்வி.

படம் எடுத்தால் நல்ல பாம்பு, எடுக்காவிட்டால் சாரை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் மாட்டுக்கொட்டகையில் அந்த எண்ணம் பொய்யாகும் வரை.

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். ஒரு சாயங்காலம் வைக்கோல் போர் ஓரமாக, நாலடி நீளம் இருக்கும், ஒரு பாம்பு நிதானமாக ஊர்ந்து போனது. சீறலும் இல்லை, படமும் இல்லை. “சாரைதான், எலி பிடிக்க வந்திருக்கு” என்று பெரிய ஆள் மாதிரி சொல்லிவிட்டு வைக்கோல் பிடுங்கப் போனேன். எங்களிடம் வேலைக்கு வந்திருந்த இருளர் பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, அது போற போக்கப் பாரு. சாரையா இருந்தா இந்நேரம் வேலி தாண்டியிருக்கும்.” சொல்லிவிட்டுக் கையிலிருந்த குச்சியால் தரையை லேசாகத் தட்டினார். சரேலென்று ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து படம் விரித்தது. கழுத்தின் அடியில் அகலமான கறுப்புப் பட்டை. இவ்வளவுக்கும் எனக்கும் அதற்கும் இடையே நாலு எட்டுதான்.

நல்ல பாம்பு எந்நேரமும் படத்தோடு திரிவதில்லை. பயந்தாலோ யாராவது மடக்கினாலோதான் கழுத்து விலா எலும்புகளை விரிக்கும். அதனால் தலையைப் பாருங்கள். சாரைக்குக் கண் பெரியது, கழுத்து ஒடுங்கியிருப்பதால் தலை தனியாகத் தெரியும். உதட்டோரத்தில் மையால் கிழித்ததுபோல் கறுப்புக் கோடுகள் மேலும் கீழுமாக ஓடும். வால் பக்கம் போகப் போக உடம்பிலும் கறுப்பு வரிகள் தெரியும். நல்ல பாம்புக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம், உதட்டில் அந்தக் கோடுகள் கிடையாது, உடம்பில் ஒரு வழவழப்பு இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கோதுமை நாகம், கருநாகம் என்று பெயர்தான் வேறு, நம் ஊர்ப்பக்கம் இரண்டும் ஒரே இனம். படத்தில் மூக்குக்கண்ணாடிக் குறி மங்கிப்போன நல்ல பாம்புகளும் உண்டு.

மடக்கினால் சாரையும் சும்மா இருக்காது. தொண்டையை உப்பி உறுமும், கடிக்கவும் செய்யும். ஆனால் அதன் கழுத்து மேலும் கீழுமாகப் புடைக்கும், நல்ல பாம்புக்கோ பக்கவாட்டில் விரியும். குளத்தங்கரைத் தண்ணீர்ப் பாம்புதான் இன்னும் குழப்பும். அதுவும் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும். விஷமில்லாத அந்தப் பாவப்பட்ட ஜென்மத்தை நல்ல பாம்பு என்று அடித்துப்போட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் சேரும் என்று எங்கள் பாட்டி சொல்வார். இரண்டும் வேறு வேறு குடும்பத்துப் பாம்புகள். சாரையிலேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இரண்டு பாம்புகள் நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து, இணைசேருகின்றன என்று வேட்டியை விரித்துப்போடுவார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவதுதான். சாரை மாட்டின் காலைப் பின்னிப் பால் குடிக்கும் என்பதும் கதை. கொட்டகைக்கு அது வருவது எலிக்காக.

பெரிய சாரையைப் பார்த்துவிட்டு ராஜநாகம் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜநாகம் நம் சமவெளியில் கிடையாது, அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுப் பாம்பு. அங்குள்ளதைத் தனி இனமாகப் பிரித்து 2024-ல் ஒபியோபேகஸ் காளிங்கா என்று பெயர் வைத்தார்கள். நாகம் என்று பெயரில் இருந்தாலும் நல்ல பாம்பின் பேரினத்தில் அது சேராது. அதற்குப் பாம்புதான் சாப்பாடு, அதிலும் சாரை என்றால் விருந்து.

கடித்துவிட்டால் எந்தப் பாம்பு என்று தேடி அடித்து எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுக்கிறார்கள். அதற்கான விஷம் எடுக்கும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து நடக்கிறது. கயிறு கட்டாமல், கீறாமல், கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் இமை சொருகுகிறதா என்று கூட இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே போகட்டும். நல்ல பாம்பு விஷம் ஏறினால் முதலில் தெரிகிற அறிகுறிகளில் அது ஒன்று.

சரி, உங்கள் பாம்புக்கு வருவோம். நல்ல பாம்பு பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தடிக்குள் நிற்கும். ஆறடி, பட்டப்பகல், உங்களைப் பார்த்ததும் மதிலேறி ஓட்டம் என்றால் பெரும்பாலும் சாரை. ஆனால் பயத்தில் பார்த்த நான்கடியும் ஆறடியாகத் தெரியும். மறுபடி வந்தால் தள்ளி நின்று ஜூம் செய்து ஒரு போட்டோ எடுங்கள், உதடு தெரிகிற மாதிரி.