அன்னாசிப்பழத்துக்கு விழுந்த ஓட்டு

திரிபுராவில் 'திப்ரா மோத்தா' என்ற பழங்குடிக் கட்சி திடீரென்று வளர்ந்தது எப்படி? (வாசகர், கோவில்பட்டி)

திடீரென்று என்பது நமக்குத்தான். அங்கே பழங்குடிகளின் கோபத்துக்கு எழுபது வயது. 1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்தபடியே இருந்தார்கள். ஒரு காலத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்த பழங்குடிகள், 2011 கணக்கெடுப்பில் 32 சதவீதம்கூட இல்லை. வந்தவர்களும் உயிர் தப்பி வந்தவர்கள்தான் என்பதால், இதில் சட்டென்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அரச குடும்பத்துப் பிரத்யோத் மாணிக்ய தேவ்வர்மா, காங்கிரஸின் மாநிலத் தலைவராக இருந்து 2019-ல் வெளியே வந்தவர். 2021 பிப்ரவரியில் மோத்தாவைக் கட்சியாக அறிவிப்பு, ஏப்ரலில் பழங்குடிப் பகுதித் தன்னாட்சிக் கவுன்சில் தேர்தல். 28 இடங்களில் 18 அவர் அணிக்கு! 2015-ல் அந்த 28-ஐயும் அள்ளியிருந்த இடதுசாரிகளுக்கு ஒன்றுகூட இல்லை. சின்னம் அன்னாசிப்பழம். குன்றுச் சரிவுகளில் அதைப் பயிரிடும் ஊர்களில் சின்னத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

ராஜா வீட்டுப் பிள்ளை என்பதற்காக விழுந்த ஓட்டுதானே? (வாசகி, மன்னார்குடி)

பாதி சரி. அவரை 'புபாக்ரா' என்கிறார்கள். பழங்குடிகளின் கோக்பரோக் மொழியில் அரசன். மீதிப் பாதி, முன்னால் வந்தவர்கள் விட்டுவைத்தது. ஐ.பி.எஃப்.டி. என்ற பழங்குடிக் கட்சி தனி மாநிலம் கேட்டு, 2018 சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க.வோடு சேர்ந்து 8 இடம் பிடித்து மந்திரிசபையிலும் உட்கார்ந்தது. தனி மாநிலம் வரவில்லை. 2023-ல் அதற்கு மிஞ்சியது ஒரே இடம். மோத்தாவோ 'தான்சா', அதாவது ஒற்றுமை, என்று சொல்லிக் குழுக்களை ஒரே கூரைக்குள் இழுத்தது. கவுன்சில் எல்லைக்கு வெளியே இருப்பவர்களையும் சேர்த்து 'கிரேட்டர் திப்ராலாந்து' என்ற தனி மாநிலம் கேட்டது. 2023-ல் தனியாக நின்று, சட்டமன்றத்தின் 60-ல் 13 இடம். பிரதான எதிர்க்கட்சி!

அப்புறம் ஏன் ஆளுங்கட்சியோடே போய்ச் சேர்ந்தார்கள்? (அதே வாசகி)

விடமாட்டீர்கள் போல. 2024 மார்ச் 2-ல் டெல்லியில் மத்திய அரசு, மாநில அரசு, மோத்தா மூவருக்கும் இடையே முத்தரப்பு ஒப்பந்தம். நிலம், மொழி, அரசியல் உரிமை எல்லாவற்றையும் பேசி முடிக்க ஒரு குழு. ஐந்தே நாளில் மோத்தாவுக்கு இரண்டு மந்திரிகள். பிரத்யோத்தின் அக்கா தாமரைச் சின்னத்தில் நின்று கிழக்குத் திரிபுராவின் எம்.பி. ஆனார். ஐ.பி.எஃப்.டி. போன அதே தடம்தான் என்று எனக்குப் படுகிறது. பேச்சுவார்த்தை மேசைக்கு உள்ளே இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது அவர்கள் வாதம். சரி, நடந்ததா? கோக்பரோக் தேர்வை ரோமன் (ஆங்கில) எழுத்தில் எழுத விடுங்கள் என்று, மந்திரிகள் பதவியேற்று ஓராண்டு கழித்தும் பழங்குடி மாணவர்கள் சாலை மறியல் செய்தார்கள்.