பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் புத்தகத் திருவிழா வருகிறது என்றாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, பிள்ளைக்கு என்ன வாங்கலாம் என்றுதான் கேட்கும். இந்த முறை நான்கு கடிதங்கள்.

பேத்திக்கு ஒன்றரை வயது. புத்தகம் கொடுத்தால் வாயில் வைக்கிறாள், கிழிக்கிறாள். இப்போதே வாங்குவது வீண் என்கிறான் மகன். சரியா? (ஒரு ஆச்சி, அம்பாசமுத்திரம்)

வீண் இல்லை, ஆச்சி. பக்கமெல்லாம் கெட்டி அட்டையாக, முனைகள் வளைவாக வெட்டிய புத்தகமாகப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு படம் போதும். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம் இப்போது வேண்டாம், பின் கழன்றால் நேரே வாய்க்குப் போகும். இரண்டு புத்தகத்துக்கு மேல் வாங்காதீர்கள். மிச்சப் பணத்தில் அழ. வள்ளியப்பாவின் பாடல் தொகுப்பு ஒன்று வாங்குங்கள். அது பேத்தி கையில் கொடுக்க அல்ல, அவளை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் பாட.

மகளுக்குப் பத்து வயது, இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். அட்டையில் ‘9 முதல் 12 வயது’ என்று போட்டிருந்த தமிழ் நாவலை வாங்கினேன், இரண்டாம் பக்கத்தில் மூடிவிட்டாள். சின்னப் பிள்ளைகள் புத்தகம் கொடுத்தால் ‘நான் என்ன பாப்பாவா?’ என்று கோபப்படுகிறாள். (ஒரு அப்பா, பாளையங்கோட்டை)

உங்கள் மகளின் கோபம் நியாயமானது. அவளுக்குக் கதை புரியும் வயது பத்து, தமிழ் வாசிக்கும் வயது ஆறோ ஏழோ. அட்டையில் போடும் வயது இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் போடுவது. நம் ஊரில் நிறையப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாக இல்லை. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகத்தான் பிரித்தார்கள். எந்த வகுப்புப் பிள்ளையும் தனக்கு முடிகிற படியில் தொடங்கலாம். அதுதான் சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மகளையே வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்குகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம். பொருள் தெரியாத சொல் மட்டுமல்ல, வாசிக்கத் தடுக்குகிற சொல்லும் கணக்கில் வரட்டும். தமிழில் பிள்ளைகளைத் தடுக்கி விழ வைப்பது பெரும்பாலும் நீளம். ‘போய்க்கொண்டிருந்தபோது’ என்பதில் அவளுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை, ஆனாலும் மூச்சு வாங்கும். எழுத்து பெரிதாக, வரிக்கு இடையே இடம் விட்டு, வாக்கியம் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் படத்தைவிட இதுதான் முக்கியம்.

சரி, என்ன வாங்குவது? முதலில் காமிக்ஸ். படம் கதையைச் சொல்லிவிடும், எழுத்து ஒரு பலூனுக்குள் அடங்கிவிடும், அதைக் கையில் வைத்திருப்பவரை யாரும் பாப்பா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் வருகிறது, அப்புறம் லயன் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது. லக்கி லூக் போன்ற சிரிப்புக் கதைகளில் தொடங்கலாம். சில தொடர்கள் பெரியவர்களுக்கானவை, வாங்குமுன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அடுத்து, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகங்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் நன்றாகச் செய்கிறது. தமிழில் தடுக்கினால் ஆங்கிலத்தைப் பார்த்து அவளே சரி செய்துகொள்வாள், உங்களைக் கேட்க வேண்டியிருக்காது. பத்து வயதில் அது பெரிய விஷயம். காசு செலவழிக்குமுன் ருசி பார்க்க வேண்டுமென்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாம் நிலைக் கதைகள் பத்தை வாசித்தால் மகளுக்கு எது பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் வாங்கிய நாவலைத் தூக்கிப் போடாதீர்கள். இரவில் நீங்கள் ஒரு பக்கம் வாசியுங்கள், அவள் ஒரு பத்தி வாசிக்கட்டும். பையத்தான் போகும், போகட்டும். நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம், தேர்வு மாதிரி ஆகிவிடும். இப்படிச் சேர்ந்து வாசிக்க, கோவில்பட்டிக்காரர் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ பொருத்தமாக இருக்கும். 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. கீழடியைத் தொட்டுப் போகும் கதை. முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழடி போலவே அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப்போங்கள். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் அதே விருது வாங்கியது. தவறான தொடுதலைப் பிள்ளை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பயமுறுத்தாமல் சொல்கிறது. பெண் பிள்ளை என்று இல்லை, எந்தப் பிள்ளைக்கும் வேண்டியது. நீங்கள் முதலில் வாசித்துவிட்டு அவளோடு உட்காருங்கள்.

மகன் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கு வந்த ஒருவர் பத்து தொகுதி ஆங்கிலக் கலைக்களஞ்சியம் 6,500 ரூபாய், இன்றைக்குப் பாதி முன்பணம் கொடுத்தால் சலுகை என்றார். வாங்கலாமா? (ஒரு அம்மா, சேரன்மகாதேவி)

வாங்காதீர்கள். என் மகளுக்கு ஏழு வயதில் இப்படி ஒரு செட் வாங்கினேன். அவள் பள்ளி முடித்தபோதும் அதில் மூன்று தொகுதிகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. புத்தகத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை, விற்றவர் தேர்ந்தெடுத்தார். அதே பணத்தில் வருடம் முழுக்க மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு அவன் கையாலேயே எடுத்த புத்தகங்கள் வாங்கலாம். இன்னும் 500 மிஞ்சும்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களுக்கு: கடைப் பெயரும் முகவரியும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, புத்தகத்தின் மேல் வரி போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று வாயால் சொன்னதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். புத்தகம் வரவில்லை, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு. 300 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பாடப் புத்தகம் போதாதா என்கிறார்கள் வீட்டில். திருவிழாவில் என்ன வாங்கலாம்? (ஒரு மாணவர், மேலப்பாளையம்)

தம்பி, நேஷனல் புக் டிரஸ்ட் அரங்கை முதலில் தேடுங்கள், அங்கே விலை குறைவு. ‘டோட்டோ-சான்’ தமிழில் கிடைக்கும். ரயில் பெட்டிகளில் நடந்த ஒரு ஜப்பானியப் பள்ளியில் படித்த பெண் பெரியவளாகி எழுதியது. வாசித்து முடித்ததும் வீட்டில் அம்மாவிடம் கொடுங்கள். ‘பாடப் புத்தகம் போதாதா’ என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. மிச்சப் பணம் இருந்தால் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. பறவைகளின் பின்னால் சுற்றும் கரிசல் காட்டுப் பையன்களின் கதை, நம் பேச்சு அதில் அப்படியே கேட்கும்.

முன்னூறு ரூபாய்க்குள் அடங்காததற்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். அங்கே ப. ஜெகநாதன், ஆசை இருவரும் சேர்ந்து எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இருக்கிறதா என்று கேளுங்கள். தை, மாசியில் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் போனால் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டியிருக்கும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர் பார்க்கலாம்.